மூன்றாம் புரூஃப்

வாழ்த்துமடல் அடிக்கச் சொல்லி
விழாக்குழுச் செயலாளர் தந்த தாளில்
'எழுத்துலக இமயம்' என்றிருந்தது.
'சொல்லேர் உழத்தி.' 'வடசென்னையின் பேரொளி.'
நாவலின் பெயர் மட்டும் தப்பு.
'ஏழாம் எண் வாயில்' இல்லை சார்,
'ஏழாம் நம்பர் கேட்டு' என்றேன்.
"நம்பர், கேட்டெல்லாம் மடல்ல நல்லாருக்காதும்மா,
பிரேம் போட்டுத் தரப்போறோம்."

இருபத்தாறு வருஷம்.
ஜாம் பஜாருக்குப் பின்னால்
ஜெராக்ஸ் மெஷினுக்கும் கல்யாணப் பத்திரிகை மாடல்களுக்கும் இடையில்
அமலோற்பவத்தின் பதினோரு புத்தகமும்
என் விரல் வழியாகத்தான் போயின.
துறைமுகத்தில் எடைமேடைக் குமாஸ்தா அவர்.
ஒரு லாரி இறங்கி இன்னொன்று ஏறுவதற்குள்
எடைச்சீட்டின் முதுகில் நாலு வரி.
புரட்டினால் முன்பக்கம் இரும்புத்தாது, இத்தனை டன்.
கீபோர்டில் செம்மண் நிறத்தில் தூசி உதிரும்.

முதல் நாவலில் நான் செய்தது இது:
'குந்திகினு'வை 'உட்கார்ந்துகொண்டு' ஆக்கினேன்.
'வலிச்சிகினு'வை 'இழுத்துக்கொண்டு'.
'இட்டாந்தான்' இருந்த இடத்தில் 'அழைத்து வந்தான்'.
காசிமேட்டு ஆக்னஸ்
என் புண்ணியத்தில்
ரேடியோவில் செய்தி வாசிப்பவள்போல
வஞ்சிரம் ஏலம் விட்டாள்.
நல்லது செய்துவிட்ட பூரிப்போடு நீட்டினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
"லோடோட நிறுத்தணும், வெறும் வண்டியவும் நிறுத்தணும்.
கயிச்சாத்தான் சரக்கு இன்னான்னு தெரியும்.
நீ சரக்கக் கொட்டிட்டு
வண்டிய மட்டும் அனுப்பிட்டியே பர்ஹானா."
பிறகு சிவப்பு மையோடு
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும்
ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில்
மறுபடி குந்தவைத்தார்.

புது கம்ப்யூட்டர் வந்தபோது
அந்தச் சொற்களின் அடியில் சிவப்பாய்க் கோடு நெளிந்தது.
ஒவ்வொன்றாக 'அகராதியில் சேர்' அழுத்தினேன்.
மூன்று மழைக்காலம் ஆனது.
இப்போது ஆய்வேடு அடிக்க வரும் பிள்ளைகள்
அதே சொற்களை மேற்கோள் குறிக்குள்
அடிக்குறிப்போடு கொண்டுவருகிறார்கள்.
என் மெஷின் மறுப்பே சொல்வதில்லை.

எழும்பூரில் மாடி ஹால். ஏசி பேருக்கு.
எட்டுப் பேர் பேசினார்கள்.
'அடித்தட்டு மக்களின் குரல்' என்று நாலு பேர்,
அந்தக் குரலில் ஒரு சொல் யாரும் பேசவில்லை.
பொன்னாடைக்கு மேல் பொன்னாடை,
கழுத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.
கடைசி வரிசையில் துறைமுகத்து ஓய்வூதியக்காரர்கள்,
ஒருவர் நன்றாகவே தூங்கிவிட்டார்.

தலைவர் மடலை வாசித்தார்.
'ஏழாம் நம்பர் கேட்டு' ஒழுங்காய்க் கடந்தது.
'எங்கள் நெஞ்சில்' என்றவர் நின்றார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
எழுத்துக் கூட்டினார்: "கு..ந்தி..கினு இருப்பவரே."
செயலாளர் என்னைத் தேடினார்.
தூங்கியவர் எழுந்து விசிலடித்தார்.

ஏற்புரை ஒரு நிமிஷம்கூட இல்லை.
"நெறைய ஏத்திட்டீங்க.
எறக்கிட்டு நிறுத்துங்க, பாப்பம்."

ராயபுரம் போகிற வழியில் கண்டெய்னர் வரிசை,
ஆட்டோ அசையவில்லை.
சால்வை மூட்டை என் மடியில், மடல் அவர் மடியில்.
முன்னாலிருந்த லாரியின் பின்விளக்கில்
விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
'குந்திகினு'வில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் ரெண்டு வரி கீழே இறங்கி,
"வாழ்த்தி பாராட்டுகிறோம். ஒத்து எங்க?
'ப்' வரணும் இங்க."

பையில் துழாவி சிவப்புப் பேனா எடுத்தார்.
கண்ணாடியில் மை வழுக்கியது.
அழுத்தி மறுபடி சுழித்தார்.
பாதி வட்டம் விழுந்தது.
"சரி, அட்த்த பதிப்புல பாத்துக்க."